கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் யாரிடம் போவது? களியக்காவிளைக்கு இருபுறமும் இருக்கும் பெரியவர்களுக்காக

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, கேரள எல்லை தாண்டினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை. பிள்ளைகள் வளைகுடாவிலோ பெங்களூரிலோ இருக்க, அப்பாவும் அம்மாவும் மட்டும் ஒரு பழைய கம்ப்யூட்டரோடு இருக்கும் வீடுகள் இந்த வட்டாரத்தில் ஏராளம். பென்ஷன் தாள்கள், பேங்க் கணக்கு, பேரப்பிள்ளைகளின் படங்கள், சபைக் கணக்கோ கோயில் கமிட்டிக் கணக்கோ எல்லாம் அதற்குள்தான் இருக்கும். அது ஒருநாள் முரண்டு பிடித்தால் போக ஐந்தாறு வழிகள் உண்டு: வெளியூரில் இருக்கும் பிள்ளை, கவலையில் (சாலைச் சந்திப்பில்) இருக்கும் சர்வீஸ் கடை, கம்பெனியின் கஸ்டமர் கேர், நெட் கொடுத்தவர், கேரளப் பக்கம் அக்ஷயா, தமிழ்நாட்டுப் பக்கம் இ-சேவை என்ற அரசுச் சேவை மையங்கள். இவற்றில் எது நல்லது என்று மொத்தமாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. கோளாறு எந்த வகை என்று தெரிந்தால்தான் போகவேண்டிய இடம் தெரியும். படங்கள் அழிவதும் பணம் போவதும் பெரும்பாலும் கோளாறினால் நடப்பதில்லை, தப்பான ஆளிடம் போனதால் நடக்கின்றன.

ஆளைக் கூப்பிடும் முன் பத்து நிமிடம்

கம்ப்யூட்டரில் விளக்கே எரியவில்லை என்றால் யூபிஎஸ்ஸை விட்டுவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் செருகிப் பாருங்கள். வீடுகளில் இருக்கும் 600 விஏ யூபிஎஸ்ஸுக்குள் 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஒன்று இருக்கும். இரண்டு மூன்று வருடத்தில் அது ஓய்ந்துவிடும். நேராகச் செருகினால் ஓடுகிறது என்றால் பேட்டரி மாற்றினால் போதும், கம்ப்யூட்டரை யாரும் தொட வேண்டாம்.

நெட் வரவில்லை என்றால் அதே வைஃபையில் இருக்கும் போனில் ஏதாவது திறக்கிறதா என்று பாருங்கள். போனில் வருகிறது, கம்ப்யூட்டரில் வரவில்லை என்றால் கோளாறு கம்ப்யூட்டரில். இரண்டிலும் இல்லையென்றால் சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டியைப் பாருங்கள். அதில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் வெளியே ஃபைபர் அறுந்திருக்கிறது, அல்லது எங்கோ மடங்கியிருக்கிறது. அதை மகனும் சரிசெய்ய முடியாது, கடைக்காரரும் முடியாது. பில்லில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து “எல்ஓஎஸ் சிவப்பு மின்னுகிறது” என்று சொன்னால் லைன்மேன் நேராகக் கேபிளைப் பார்க்க வருவார். “நெட் இல்லை” என்று மட்டும் சொன்னால் அணைத்துப் போடச் சொல்லியே ஒரு நாள் போய்விடும்.

எந்தத் தளத்தைத் திறந்தாலும் “இணைப்பு பாதுகாப்பானதல்ல” என்று வந்தால் வைரஸ் என்று பயப்பட வேண்டாம். திரையின் வலது மூலையில் தேதியைப் பாருங்கள். வருடம் பின்னால் போயிருந்தால், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற காசு போன்ற பேட்டரி தீர்ந்திருக்கிறது. தளங்களின் பாதுகாப்புச் சான்றுக்குக் கெடு தேதி உண்டு. கம்ப்யூட்டரின் கணக்கில் வருடம் தப்பாக இருந்தால் எல்லாச் சான்றும் செல்லாததாகத் தெரியும். தேதியைத் திருத்தினால் அப்போதைக்குச் சரியாகும். கரண்ட் போய் வந்தால் மறுபடி பின்னால் போகும். சில பத்து ரூபாய்ப் பேட்டரிதான் தீர்வு. இதற்கு ஃபார்மேட் (டிஸ்கில் இருப்பதை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவது) செய்யச் சொல்கிற ஆளிடம் கம்ப்யூட்டரைக் கொடுக்காதீர்கள்.

தூரத்தில் இருக்கும் பிள்ளை

செட்டிங் மாறிப்போனது, பிரிண்டர் தெரியவில்லை, எழுத்து சிறிதாகிவிட்டது, தமிழ் டைப் ஆகவில்லை: இந்த வகைக்குப் பிள்ளைதான் முதல் தேர்வு. ரகசியம் வீட்டுக்குள்ளேயே இருக்கும். ஆனால் போனில் கேட்டுச் சொல்வது இருவருக்கும் வேதனை.

“அப்பா, திரையில என்ன எழுதியிருக்கு? அப்படியே வாசிங்க.”

“என்னமோ இங்கிலீஷ்ல வருது மக்களே, இப்ப அதுவும் போயிட்டு.”

இப்படியே அரை மணி நேரம் போகும். அதைவிட, விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கிடைக்கும் குயிக் அசிஸ்ட் நல்லது. கண்ட்ரோல், விண்டோஸ், கியூ மூன்று பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். பிள்ளை தன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து ஆறு எழுத்துக் குறியீடு ஒன்றை எடுத்துச் சொல்ல வேண்டும். அது பத்து நிமிடம்தான் செல்லும். இங்கே அதை டைப் செய்து அனுமதித்தால் திரை அங்கே தெரியும். கட்டுப்பாட்டையும் கொடுக்க இன்னொரு முறை அனுமதி கேட்கும். நடுவில் “இந்தச் செயலி மாற்றம் செய்ய அனுமதிக்கவா” என்ற பெட்டி வந்தால் அந்தப் பக்கம் திரை கறுத்துப்போகலாம். லைன் அறுந்துவிட்டது என்று வைத்துவிடாமல், இங்கே இருப்பவர் ‘யெஸ்’ அழுத்தினால் தொடரும்.

போனில் கோளாறு என்றால் வாட்ஸ்அப் வீடியோ அழைப்பிலேயே திரையைக் காட்டலாம். பிள்ளை பார்க்க மட்டும்தான் முடியும், தொட முடியாது. துபாய், ஷார்ஜாவில் இருப்பவர்களோடு வாட்ஸ்அப் அழைப்பு பெரும்பாலும் கிடைக்காது. அங்கே அதற்குக் கட்டுப்பாடு உண்டு, போட்டிம் போன்ற செயலி வேண்டும். நேரத்தையும் கணக்கில் வையுங்கள். அமீரகம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சவூதியும் கத்தாரும் குவைத்தும் இரண்டரை மணி நேரம் பின்னால். நம் காலை ஒன்பது மணிக்கு அவர்கள் வேலைக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். இரவு எட்டரைக்கு மேல் கூப்பிட்டால் நிதானமாகப் பேச முடியும்.

குயிக் அசிஸ்ட், எனிடெஸ்க் போன்றவற்றை நீங்களாகக் கூப்பிட்டுப் பேசும் சொந்தப் பிள்ளைக்கு மட்டும் திறக்க வேண்டும். எதிர்முனையில் இருந்து வந்த அழைப்புக்கு ஒருபோதும் வேண்டாம். வேலை முடிந்ததும் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். எனிடெஸ்க் என்றால் நிரந்தரக் கடவுச்சொல் எதுவும் வைக்காமலே பயன்படுத்தலாம்.

பிள்ளையால் மட்டுமே தீர்க்கக்கூடிய, ஆனால் யாரும் முன்கூட்டிப் பார்க்காத ஒரு சங்கதி ஜிமெயில். அப்பாவின் கணக்கைப் பத்து வருடம் முன்பு மகன் திறந்திருப்பான், மீட்பு எண்ணாகத் தன் அன்றைய நம்பரைக் கொடுத்திருப்பான். எல்லைப் பக்கத்தில் இது இன்னும் சிக்கல். கேரள சிம் ஒன்று, தமிழ்நாட்டு சிம் ஒன்று என்று இரண்டு வைத்திருந்து, ஒன்றை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடுவார்கள். 90 நாள் பயன்படுத்தாத எண் துண்டிக்கப்படலாம், பிறகு வேறு யாருக்காவது போய்விடும். கடவுச்சொல் மறந்த அன்றைக்கு அந்த எண் இல்லையென்றால் எந்தக் கடைக்காரரும் கணக்கைத் திறந்து தர முடியாது. திறந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கணக்கு நன்றாக இருக்கும் இன்றைக்கே கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் மீட்பு எண்ணைச் சரிபார்த்துவிடுங்கள். ஆதாரில் இருப்பதும் அந்தப் பழைய எண்தான் என்றால் ஆதார் மையத்தில் 75 ரூபாய் கட்டி மாற்றலாம்.

கவலையில் இருக்கும் சர்வீஸ் கடை

திருகாணியைக் கழற்ற வேண்டிய எந்த வேலைக்கும் கடைதான். ஐப்பசி இடிமழையில் (பாறசாலைப் பக்கம் துலாவர்ஷம் என்பார்கள்) இந்த வட்டாரத்துக் கடைகளில் வந்து குவிவது பவர் சப்ளை போனதும் லேன் போர்ட் கருகியதும்தான். கண்ணாடி ஃபைபரில் மின்சாரம் வராது. ஆனால் பெட்டியின் அடாப்டர் வழியாகவும், அங்கிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் செம்புக் கேபிள் வழியாகவும் வரும். கம்ப்யூட்டரின் பிளக்கை மட்டும் உருவிவிட்டு லேன் கேபிளை விட்டுவைத்த வீடுகளில்தான் போர்டு போகிறது. குளச்சல், பூவாறு மாதிரி கடலோரத்தில் உப்புக்காற்றால் ரேம் கார்டின் பொன்னிற முனைகளில் படலம் படியும். போட்டதும் பீப் சத்தம், திரையில் ஒன்றுமில்லை என்றால் அதைக் கழற்றிப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினாலே பலமுறை உயிர் வந்துவிடும். நல்ல கடைக்காரர் இதற்குச் சிறு கூலி மட்டும் வாங்குவார். பல வருடக் கம்ப்யூட்டர் ஆமை வேகத்தில் போகிறது என்றால் ஹார்ட் டிஸ்கை எடுத்து 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போடச் சொல்லுங்கள். அந்த ஒரு மாற்றத்தில் கிடைக்கும் வேகம் வேறு எதிலும் கிடைக்காது.

கடையில் பயப்பட வேண்டியது ஒரே ஒரு வாக்கியத்துக்கு: “சாறே, ஃபார்மேட் அடிச்சாத்தான் சரியாவும். டி டிரைவ்ல உள்ளது ஒண்ணும் போவாது.” அவர் சொல்வது பொய்யில்லை. டி டிரைவில் இருப்பது போகாது. ஆனால் பெரியவர்கள் எதையும் டி டிரைவில் வைப்பதில்லை. திறந்ததும் கண்ணில் படும் டெஸ்க்டாப்பில்தான் வைக்கிறார்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் நான்கும் சி டிரைவுக்குள் யூசர்ஸ் என்ற ஃபோல்டரில் இருப்பவை. ஃபார்மேட்டில் முதலில் அழிவது அவைதான். ஆகவே “யூசர்ஸ் ஃபோல்டரை அப்படியே வெளி டிஸ்கில் எடுத்துக் காட்டிய பிறகுதான் ஃபார்மேட்” என்று சொல்லுங்கள். கம்ப்யூட்டர் திறக்கவே இல்லை என்றாலும் டிஸ்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டி எடுக்க முடியும். டிஸ்க் பழுதாகாதவரை இது பெரும்பாலும் செய்யக்கூடிய வேலைதான்.

தமிழில் எழுதி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. பழைய கடிதங்களும் கமிட்டித் தீர்மானங்களும் பாமினி போன்ற எழுத்துருவில் அடித்தவையாக இருக்கும். ஃபார்மேட் ஆன பிறகு அந்தக் கோப்பைத் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரியும். ‘தமிழ்’ என்று அடித்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி இருக்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். அது அப்படியே நலமாக இருக்கிறது, எழுத்துரு மட்டும் இல்லை. சி டிரைவில் விண்டோஸ் என்ற ஃபோல்டருக்குள் ஃபாண்ட்ஸ் என்று ஒன்று உண்டு. ஃபார்மேட்டுக்கு முன் அதிலிருந்து தமிழ் எழுத்துருக்களை நகலெடுத்து வைத்தால், பிறகு திரும்பப் போட்டுக்கொள்ளலாம். கையோடு, எந்த மெஷினிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லையே வராது. அதற்கான மாற்றிகள் இலவசமாகவே உண்டு.

கள்ள விண்டோஸ் போடவும் விடாதீர்கள். அதைத் திறக்கப் பயன்படும் கிராக் மென்பொருளுக்காக ஆன்டிவைரஸை அணைத்துவைப்பார்கள். பேங்க் கணக்கு பார்க்கும் மெஷினில் அது பெரிய ஓட்டை. விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிறகு, விண்டோஸோடு வாங்கிய லேப்டாப் என்றால் உரிம எண் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதே பதிப்பைப் புதிதாகப் போட்டாலும் அது தானே எடுத்துக்கொள்ளும், தனியாகக் காசு வேண்டியதில்லை.

“விண்டோஸ் 10 முடிந்துபோனது, புதுசு வாங்குங்கள்” என்பதையும் இப்போது கடைகளில் கேட்கலாம். 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் நின்றது உண்மை. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் சிப்பும் வேண்டும். உங்கள் மெஷின் அதற்குள் வருகிறதா என்று மைக்ரோசாஃப்ட்டின் பிசி ஹெல்த் செக் செயலியில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஆறு வருட மெஷின் என்பதற்காகத் தூக்கிப்போட வேண்டாம், பல அதற்குத் தகுதியானவையே.

கொடுக்கும்போது செய்யவேண்டியது கொஞ்சம்தான். பென்டிரைவையும் மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள். பேங்க் தளங்களிலும் ஜிமெயிலிலும் வெளியேறிவிடுங்கள். சீரியல் எண்ணைப் போட்டோ எடுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பத் தரவேண்டும் என்று முன்பே சொல்லுங்கள். விண்டோஸ் கடவுச்சொல் கேட்டால் தற்காலிகமாக ஒன்றை வைத்துக் கொடுத்து, வீடு வந்ததும் மாற்றுங்கள். அதிலும் ஜிமெயில் கடவுச்சொல்லை எந்தப் பழுதுக்கும் கொடுக்க வேண்டியதில்லை.

கம்பெனி கஸ்டமர் கேர் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வாரண்டி இருக்கும்வரை வேறெங்கும் போகாதீர்கள், வெளிக்கடையில் திறந்தால் வாரண்டிக்குச் சண்டை போட வேண்டிவரும். அவர்களுக்கு உங்கள் கோப்புகளைப் பற்றிக் கவலை இல்லை. டிஸ்க் பழுது என்றால் புதியது போட்டுப் பழையதை எடுத்துப்போவார்கள். நகல் எடுப்பது உங்கள் பாடு.

அக்ஷயா, இ-சேவை

இவை கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் இடங்கள் அல்ல. ஆனால் பெரியவர்கள் கம்ப்யூட்டரில் மாட்டிக்கொள்ளும் வேலைகளில் பாதி அரசு விண்ணப்பங்கள்தான். அவற்றுக்கு வீட்டில் உட்கார்ந்து மல்லாடுவதைவிட இங்கே போவது மேல். கேரளத்தின் அக்ஷயா 2002-ல் மலப்புறத்தில் தொடங்கியது. மையங்களை நடத்துவது தனியார், கட்டணம் அரசு நிர்ணயித்தது. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதிய மஸ்டரிங் (ஓய்வூதியம் வாங்குபவர் உயிரோடு இருக்கிறார் என்று உறுதிசெய்வது) அங்கே 30 ரூபாய், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கு வந்து செய்ய 50 ரூபாய். தமிழ்நாட்டு இ-சேவையில் வருமானம், சாதி போன்ற வருவாய்த் துறைச் சான்றுகளுக்கு 60 ரூபாய். ரசீது கேட்டு வாங்குங்கள்.

எல்லைக்காரர்களுக்கு வரும் குழப்பம் இதுதான்: களியக்காவிளை இ-சேவையில் கேரளச் சான்றுக்கு விண்ணப்பிக்க முடியாது, பாறசாலை அக்ஷயாவில் தமிழ்நாட்டுப் பட்டா கிடைக்காது. மத்திய அரசின் ஜீவன் பிரமாண் உயிர்ச்சான்றை மட்டும் எந்தப் பக்கமும் எடுக்கலாம், உங்கள் ஓய்வூதியம் கொடுக்கும் அலுவலகம் அதில் சேர்ந்திருந்தால் போதும். அதற்கு மையம் தேடிப் போகக்கூட வேண்டாம். தபால்காரர் வீட்டுக்கு வந்து எடுப்பார், வழக்கமான கட்டணம் ஜிஎஸ்டி சேர்த்து 70 ரூபாய். நடக்கமுடியாதவர்களுக்கு இதைவிடச் சிறந்த வழி கிடையாது.

ரப்பர் பால் வெட்டியவர்கள், அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை உடைத்தவர்கள் கைரேகை தேய்ந்துபோயிருக்கும். கருவியில் விரலை வைத்து வைத்து எடுத்தாலும் ஏற்காது. “ரேகை விழலை, நாளைக்கு வாங்க” என்று திருப்பி அனுப்பினால் கண்ணின் கருவிழி ஸ்கேனர் இருக்கிறதா என்று கேளுங்கள். ஜீவன் பிரமாணுக்கு முகத்தைக் காட்டி எடுக்கும் வழியும் 2021 முதல் உண்டு, நல்ல ஆண்ட்ராய்டு போன் இருந்தால் போதும்.

விண்ணப்பத்தில் மொபைல் எண் கேட்கும் இடத்தில் மையத்துக்காரர் வேகத்துக்காகத் தன் எண்ணையே போடுவது உண்டு. போடவிடாதீர்கள். பிறகு அந்தக் கணக்குக்கு வரும் ஓடிபி எல்லாம் அவருக்குத்தான் போகும். விரல் வைக்கும் முன் எதற்கு வைக்கிறோம் என்று திரையைப் பாருங்கள். அதே விரலும் அதே கருவியும்தான் ஆதார் வழியாகப் பேங்க் பணம் எடுக்கவும் பயன்படுகின்றன. ஆதாரின் அதிகாரப்பூர்வச் செயலியில் கைரேகையைப் பூட்டிவைக்கலாம், மஸ்டரிங் அன்று மட்டும் திறந்தால் போதும்.

கேரளப் பக்கம் தமிழ் மட்டும் வாசிப்பவர்களுக்கு மலையாளப் படிவம் இன்னொரு முட்டுக்கட்டை. கூகுள் லென்ஸைத் திறந்து கேமராவைக் காட்டினால் தமிழில் கிடைக்கும். எந்தக் கட்டத்தில் என்ன கேட்கிறார்கள் என்று புரிய அது போதும், கையெழுத்துப் போடும் உறுதிமொழியை மட்டும் மலையாளம் தெரிந்தவரை வாசிக்கச் சொல்லுங்கள்.

கற்றுக்கொள்ளவே விருப்பம் என்றால் கேரளத்தில் இருப்பவர்கள் பஞ்சாயத்தில் கேளுங்கள். டிஜி கேரளம் திட்டத்தில் வார்டு வார்டாகத் தன்னார்வலர்கள் வந்து 21 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், தொண்ணூறு கடந்தவர்களுக்கும் கூட. 2025 ஆகஸ்டு 21-ல் மாநிலம் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. பாடம் ஸ்மார்ட்போனைச் சுற்றியதுதான், கம்ப்யூட்டர் பழுதுக்கு உதவாது. ஆனால் பயம் போய்விடும்.

கூகுளில் தேடிய எண்

இதையும் ஒரு வழியாக எண்ணிப் பலர் செய்கிறார்கள். பேங்க் அல்லது பிரிண்டர் கம்பெனியின் பெயரைப் போட்டு “கஸ்டமர் கேர் நம்பர்” என்று தேடி, முதலில் வருவதைக் கூப்பிடுவது. விளம்பரமாகவும் வரைபடக் குறிப்பாகவும் மோசடிக்காரர்கள் தங்கள் எண்ணை அங்கே ஏற்றிவைக்கிறார்கள். எண் வேண்டுமென்றால் கார்டின் பின்புறம், பாஸ்புக், பில் இவற்றிலிருந்து எடுங்கள். பேங்க் தளம் என்றால் முகவரி டாட் பேங்க் டாட் இன் என்று முடிகிறதா பாருங்கள், இந்திய வங்கிகளை அந்த முகவரிக்கு மாறச் சொல்லி ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது.

திடீரெனத் திரை முழுக்கச் சிவப்பாகி, சைரன் ஒலித்து, “வைரஸ், இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்” என்று வந்தால் அது வெறும் ஒரு வலைப்பக்கம். மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் எண் இருக்கவே இருக்காது. எஸ்கேப் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். போகவில்லை என்றால் கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை முடியுங்கள். அதுவும் இல்லையென்றால் பவர் பொத்தானைப் பத்து நொடி அழுத்தி அணையுங்கள். மறுபடி திறக்கும்போது “பழைய பக்கங்களைத் திரும்பத் திறக்கவா” என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஏற்கெனவே கூப்பிட்டு, அவர்களைக் கம்ப்யூட்டருக்குள் விட்டுவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டு மகனிடம் மறைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. லேன் கேபிளை உருவுங்கள், வைஃபையை அணையுங்கள். உடனே இணைய மோசடிப் புகாருக்கான அரசு உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். நீங்கள் இருக்கும் மாநிலமும் மாவட்டமும் எது என்று முதலிலேயே சொல்லுங்கள். கேரள சிம்மோடு மார்த்தாண்டத்தில் இருந்து பேசினால் குழப்பம் வரலாம். பணம் போன நேரம், தொகை, குறுஞ்செய்தியில் இருக்கும் பரிவர்த்தனை எண் (யுபிஐ என்றால் 12 இலக்கம்) கையில் இருக்கட்டும். அந்தப் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாண்டிப் போவதற்குள் முடக்குவதுதான் அவர்கள் வேலை, ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். அடுத்த அழைப்பு பேங்குக்கு. தெரிவித்துப் புகார் எண் வாங்கிவிட்டால், அதன் பிறகு அனுமதியின்றிப் போகும் தொகைக்கு வங்கிதான் பொறுப்பு. கடவுச்சொற்களை அந்தக் கம்ப்யூட்டரில் மாற்றாமல் வேறொரு போனில் மாற்றுங்கள். வந்த குறுஞ்செய்தி, அழைப்பு எண், திரைப் படம் எதையும் அழிக்க வேண்டாம். இவ்வளவும் முடிந்த பிறகு கம்ப்யூட்டரைக் கடைக்குக் கொண்டுபோகலாம். அப்போது ஃபார்மேட் என்று அவர் சொன்னால், படங்களையும் கோப்புகளையும் மட்டும் நகல் எடுக்கச் சொல்லிவிட்டுச் சம்மதியுங்கள்.